பூமியதிர்ச்சியும் நிலத்தின் தழும்புகளும்

பொறுமைக்கு உவமை தேடிய புலவர் பலரும் நிலத்திடமே சென்றனர். வெட்டினாலும் கொத்தினாலும் வாய் திறவாது கிடப்பது அது. காணி பூமியை அசையாச் சொத்து என்றே சட்டமும் வழங்குகின்றது. ஆயினும் இந்த அசையாச் சொத்துச் சில இடங்களில் அசையத்தான் செய்கின்றது. அசைந்ததற்கு ஓர் அடையாளமும் வைத்துவிட்டே அடங்குகின்றது. அந்த அடையாளங்களைப் படிக்கக் கற்றவர்கள், நிலம் மீண்டும் எங்கே பிளக்கும், ஏறத்தாழ எவ்வளவு பிளக்கும் என்பவற்றை முன்னதாகக் கூறக்கூடியவராயினர். எந்த நாளில் என்பதை மட்டும் அவர்களாலும் கூற முடியவில்லை. இன்றைய பேச்சு அந்தப் படிப்பைப் பற்றியது.

1883 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் யூட்டாப் பகுதியிலுள்ள சால்ட் லேக் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் குறோவ் காள் கில்பேட் என்னும் புவிச்சரிதவியலறிஞர். அப்போது அவருக்கு வயது நாற்பது. அந்நகரம் வசாட்ச் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சரளையையும் மணலையும் கொணர்ந்து அடிவாரத்தில் விசிறி விரித்தாற்போலப் பரப்பியுள்ளன. அவ்விசிறிகளின் குறுக்கே, மலையின் ஓரமாகவே, படிக்கட்டுப் போன்றதொரு வெட்டு நெடுந்தூரம் ஓடுவதைக் கில்பேட் கண்டார். அஃது ஓடை அரித்த கரையாயின் ஓடையின் வழியே செல்லுதல் வேண்டும். பழைய ஏரியொன்றின் கரையாயின் ஒரே மட்டத்தில் செல்லுதல் வேண்டும். அப்பகுதியில் பண்டைக் காலத்திற் பரந்து கிடந்த பொன்வில் என்னும் பேரேரியின் கரைக்கோடுகளை மலைச்சரிவுகளில் அளந்து ஆராய்ந்தவரும் இவரே. ஆதலால் ஏரிக்கரை இன்னது என்பதில் அவர் மயங்க இடமில்லை. இந்தப் படியோ மேட்டிலே ஏறிற்று, பள்ளத்திலே இறங்கிற்று. மலையடிவாரத்தை மட்டும் விட்டகலவில்லை.

அதன் பொருளை அவருக்கு விளக்கியது வேறோர் ஊர். கலிபோர்ணியாவில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலே 1872 ஆம் ஆண்டு மார்ச்சு 26 ஆம் நாள் விடியுமுன்னரே பெரும் பூமியதிர்ச்சியொன்று நிகழ்ந்தது. லோன் பைன் என்னும் சிற்றூரின் மண்வீடுகள் உறங்கியோர் மேல் இடிந்து விழுந்தன; ஏறத்தாழ இருபத்தேழு பேர் மாண்டனர். அவ்வூரின் அருகே அன்றிரவு நிலம் பிளந்து படியாய் நின்றது. கில்பேட் அதனை நேரிற் சென்று பார்த்தார். பிளந்த நாள் அறியப்பட்ட அந்தப் படியும், பிளந்த நாளை எவருமறியாத வசாட்ச் படியும் ஒரே இனத்தவை. எனவே மலை ஒரே மூச்சில் எழுந்ததன்று. ஒவ்வோர் அதிர்ச்சியிலும் சிறிது சிறிதாக உயர்ந்தே மலையாயிற்று என்பது அவர் துணிபு.

அடுத்து அவர் கூறியதே வியப்புக்குரியது. மலைத்தொடரின் பல பகுதிகளில் படி புதிய வெட்டாகத் தெரிந்தது. சால்ட் லேக் நகரத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் அவ்வாறு தெரியவில்லை. சாதாரண மனிதர் இதனைக் கண்டிருப்பின், "நல்லது, நம் ஊருக்கு ஆபத்தில்லை" என்று வீடு சென்றிருப்பர். கில்பேட் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார். அயற் பகுதிகள் அண்மைக் காலத்திற் பிளந்து தம் இறுக்கத்தைத் தீர்த்துக்கொண்டன. நகரத்துப் பகுதி நெடுங்காலமாகத் தீர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அங்கேதான் இறுக்கம் மிகுதியாகச் சேர்ந்திருத்தல் வேண்டும் என்றார். தழும்பில்லாமையே எச்சரிக்கையாயிற்று. செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டிய வீடுகளை விட்டுவிட்டு நகரத்தார் மரவீடு கட்டப் போவதில்லை என்பதையும் அவர் அக்கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார். மனிதரின் இயல்பையும் நிலத்தைப் போலவே படித்தவர் போலும்.

பிற்காலத்தார் அந்தப் படியின் குறுக்கே அகழிகள் வெட்டிப் பார்த்தனர். மலைத்தொடரின் நடுப்பகுதியில் மட்டும் கடந்த 6,000 ஆண்டுகளுள் குறைந்தது 22 முறை நிலம் மேற்பரப்புவரை பிளந்திருக்கின்றது. சால்ட் லேக் நகரத்தை ஒட்டிய கூற்றிற் கடைசிப் பிளப்பு ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது. அக்கூற்றிற் பிளப்புக்குப் பிளப்பு உள்ள சராசரி இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவே. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு 18 ஆம் நாள் அங்கு 5.7 அளவினதான ஓர் அதிர்ச்சி உண்டாயிற்று. செங்கற் சுவர்கள் சில சரிந்தன. நகரத்துப் பெரிய தேவாலயத்தின் உச்சியில் நின்ற தேவதூதர் சிலையின் கையிலிருந்த எக்காளம் கீழே விழுந்தது. கில்பேட் அஞ்சிய அதிர்ச்சி அஃதன்று. அவர் அஞ்சியது 7 அளவினதான பேரதிர்ச்சியை. அஃது இன்னும் வரவில்லை.

நிலம் ஏன் இவ்வாறு பிளக்கின்றது என்பதைச் சிறிது காண்போம். புவியின் மேலோடு பெருந்தகடுகளாகப் பிரிந்து கிடக்கின்றது. அவை மெல்ல மெல்ல நகர்கின்றன. இரு பகுதிகள் உரசும் எல்லையே பிளவுக்கோடு. ஆழத்தில் நகர்ச்சி ஓயாது நடக்க, மேலே பாறைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு அசைய மறுக்கின்றன. பிரம்பொன்றை இரு கையாலும் வளைப்பவர் கையில் என்ன நிகழும்? வளையும், மேலும் வளையும், பின்பு ஒரு நொடியில் முறியும். முறிந்த துண்டுகள் நேராக நிமிரும். பாறையும் அவ்வாறே வளைந்து, முறிந்து, நிமிர்கின்றது. இதனை 1906 ஆம் ஆண்டு சன்பிரான்சிஸ்கோ அதிர்ச்சியின் பின்னர் நில அளவைக் கணக்குகளைக் கொண்டு விளக்கியவர் ஹறி பீல்டிங் றீட் என்னும் அறிஞர்.

அந்த 1906 ஏப்ரில் 18 ஆம் நாட் காலையிற் கலிபோர்ணியாவின் நிலம் ஏறத்தாழ 470 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்தது. நகரம் இடிந்தும் எரிந்தும் ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர் என்பது இன்றைய கணிப்பு. நகரத்துக்கு வடக்கேயுள்ள நாட்டுப்புறத்திற் பிளவு சென்ற வழியை ஆராய்ந்து படம் பிடித்தவர்களுள், முதுமையடைந்திருந்த அதே கில்பேட்டும் ஒருவர். அவர் எடுத்த படங்களுள் ஒன்று மரவேலியொன்றைக் காட்டுவது. முதல்நாள் வரை நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்ற வேலி, ஓரிடத்தில் அறுந்து, இரண்டரை மீற்றருக்கு மேல் தள்ளிப் போய் மறுபடியும் நேராகச் செல்கின்றது. எல்லை வேலி ஒரு சாண் நகர்ந்தாலே வழக்குப் பேசுகின்ற உலகிலே, அந்த வேலியை நகர்த்தியவர் மேல் வழக்குத் தொடுப்பார் எவரோ!

வேலி மனிதர் நாட்டியது. அதன் வயது சில ஆண்டுகளே. ஓடை அவ்வாறன்று. ஓடையும் ஒரு நேர்கோடுதான். பிளவுக்கோட்டைக் குறுக்கே கடக்கும் ஓடையும் வேலியைப் போலவே ஒவ்வோர் அதிர்ச்சியிலும் அறுந்து விலகும். நீர் வற்றாத வரையில் அது தன் பழைய வாய்க்காலைத் தேடி, பிளவின் வழியே வளைந்து சென்று, மறுபடியும் கீழிறங்கும். சில ஓடைகளின் தலை ஓரிடத்திலும் உடல் வேறோரிடத்திலுமாக, நீரில்லா வாய்க்கால் மட்டும் அநாதையாய்க் கிடக்கும். பிளவின் இருபுறமும் நிலம் இழுபடும் இடங்களிற் சிறு பள்ளம் தாழ்ந்து நீர் தேங்கிக் குளமாகும். ஆறு வந்து சேராத இடத்திற் குளம் ஏன் என்று கேட்பதே ஆராய்ச்சியின் தொடக்கம். அரைபட்டுத் தூளாகிய பாறை நிலத்தடி நீரை மறித்து மேலே தள்ளுவதால், வறண்ட வெளியிலே ஊற்றுக்களும் மரங்களும் வரிசை பிடித்து நிற்கும். கலிபோர்ணியாவின் தென்கிழக்குப் பாலைநிலத்திற் பேரீச்சை போன்ற ஒருவகைப் பனைகள் பிளவுக்கோட்டை ஒட்டித் தோப்புத் தோப்பாக நிற்பதன் காரணம் இதுவே. மரமே கோடு கிழித்துக் காட்டுகின்றது எனலாம்.

ஆயினும் நேராகத் தெரிவதெல்லாம் பிளவாகாது. பழைய வண்டிப்பாதையும் நேரானது. வன்பாறையும் மென்பாறையும் சந்திக்கும் விளிம்பும் நேரானது. மலைச்சரிவின் தலைப்பிலும் படி உண்டாகும். ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு முடிவுகட்டுபவர் ஏமாறுவர். ஓடைகள் பல ஒரே திசையில் விலகியிருத்தல், அவ்வரிசையிலேயே குளமும் ஊற்றும் படியும் அமைந்திருத்தல் ஆகிய யாவும் ஒத்த பின்னரே நிலப்படத்திற் கோடு வரைதல் முறை. தவிரவும், மழையும் ஏரும் தழும்பை அழித்துவிடுகின்றன. ஆகவேதான் மழை குறைந்த, ஏர் அதிகம் படாத ஓரிடம் இவ்வாராய்ச்சிக்குப் பெரும் பேறாயிற்று.

அவ்விடம் கலிபோர்ணியாவிலுள்ள கறிசோச் சமவெளி. சன் அந்திரியாஸ் என்னும் பெரும்பிளவு ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளமானது; அதன் ஒரு பகுதி இச்சமவெளியின் கிழக்கோரத்தில் உழுத சால் போலச் செல்கின்றது. 1895 இல் அன்ட்றூ லோசன் என்பவர் சன்பிரான்சிஸ்கோவை அடுத்த ஒரு பள்ளத்தாக்கின் பெயரால் இப்பிளவுக்குப் பெயரிட்டபோது, அது தெற்கே இவ்வளவு தூரம் நீள்வதை அறிந்திருக்கவில்லை. சமவெளியை அடுத்துள்ள மலைத்தொடரின் பெயர் தெம்புளோர் என்பது. ஸ்பானிய மொழியில் அதற்கு அதிர்ச்சி என்று பொருள். அறிஞர் வருமுன்னரே ஊரார் பெயரிட்டுவிட்டனர்.

அம்மலையிலிருந்து இறங்கும் சிற்றோடையொன்று பிளவுக்கோட்டை அடைந்ததும் சட்டென்று வலப்புறம் திரும்புகின்றது. 130 மீற்றர் தூரம் பிளவின் வழியே சென்று, மறுபடியும் இடப்புறம் திரும்பிச் சமவெளிக்கு இறங்குகின்றது. றொபேட் வலஸ் என்னும் அறிஞர் இத்தகைய ஓடைகளை முதலில் விரிவாக ஆராய்ந்தமையால், இஃது இன்று வலஸ் ஓடை எனப்படுகின்றது. கெரி சீ, றிச்சட் ஜான்ஸ் ஆகிய இருவரும் ஓடையின் கரையை அகழ்ந்து, அடுக்கடுக்காகப் படிந்த மண்ணுள் அகப்பட்ட கரித்துண்டுகளை எடுத்து, கதிரியக்கக் காபன் முறையால் அவற்றின் வயதைக் கணித்தனர். ஓடை இந்த வாய்க்காலை வெட்டத் தொடங்கியது ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன்னர் என்று தெரிந்தது. இனிச் செய்ய வேண்டியது பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். 130 மீற்றரை 3,700 ஆற் பிரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் வரும். நுணுகிக் கணித்து அவர்கள் 1984 இல் வெளியிட்ட முடிவு 34 மில்லிமீற்றர். மனிதர் விரலில் நகம் வளரும் வேகமும் ஏறக்குறைய இதுவே.

வேகம் தெரிந்தது. ஒரு முறை பிளந்தால் எவ்வளவு நகரும் என்பது தெரிந்தால், எத்தனை ஆண்டுக்கொரு முறை பிளக்கும் என்பதையும் கணிக்கலாமன்றோ? இப்பகுதி கடைசியாகப் பிளந்தது 1857 ஆம் ஆண்டு சனவரி 9 ஆம் நாள். ஏறத்தாழ 350 கிலோமீற்றர் நீளம் பிளந்தது. அதன் அளவு 7.9 எனக் கணிக்கப்படுகின்றது. அக்காலத்தில் அங்கு மக்கள் மிகச் சிலரே வாழ்ந்தனர். அளந்து வைத்தவர் இல்லை. எனவே அறிஞர் அங்குள்ள மிகச் சிறிய நீர்ச்சால்களைத் தேடினர். அவற்றுட் பல 9 மீற்றரளவில் விலகியிருந்தன. அது 1857 இன் ஒரே பிளப்பால் வந்ததென்று கொண்டு, அத்தகைய அதிர்ச்சிக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி வேண்டும் என்று நெடுங்காலம் எண்ணினர். பின்னர் வானூர்தியிலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தி நிலத்தை அங்குலம் அங்குலமாக அளக்கும் லைடார் என்னும் முறை வந்தது. 2010 இல் அம்முறையால் மறுபடியும் பார்த்தபோது, முன்னர் கண்ணுக்குத் தப்பிய சால்கள் பல புலப்பட்டன. அவை 5 மீற்றரளவே விலகியிருந்தன. ஒன்பது என்று எண்ணியது ஒரு பிளப்பன்று, இரண்டு பிளப்புக்களின் கூட்டு. ஒன்பது மீற்றர் சேர 260 ஆண்டுக்கு மேல் வேண்டும். ஐந்து மீற்றர் சேர 150 ஆண்டு போதும். புழுதியிற் கிடந்த சில சால்களைச் சரியாக வாசித்தமையால், ஒரு மாநிலத்தின் ஆபத்துக் கணக்கே மாறிற்று.

லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடகிழக்கே இதே பிளவின் மேல் பலற் ஓடை என்றோரிடம் உண்டு. அங்குச் சதுப்பிலே மக்கிய தாவரப் படைகள் ஒன்றன்மேலொன்றாகப் படிந்துள்ளன. ஒவ்வோர் அதிர்ச்சியும் அன்றைய படை வரையில் அறுத்து நின்றுவிட, அதன்மேற் புதிய படை மூடியிருக்கின்றது. 1970களிலிருந்து அதனைக் கெரி சீ ஆராய்ந்தார். பத்து அதிர்ச்சிகள் அகப்பட்டன. இடைவெளியின் சராசரி ஏறத்தாழ 130 ஆண்டு. ஆனால் தனித்தனி இடைவெளியோ அரை நூற்றாண்டளவிலிருந்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் வரையில் வேறுபட்டது. பூமியதிர்ச்சி தவணை தவறாது வரும் கடன்காரனன்று. சராசரியைக் கொண்டு நாட்குறிக்க முயல்வோர் இதனை நினைவிற் கொள்வது நல்லது.

நாளைக் கூற இயலாவிடின் இவ்வறிவால் யாது பயன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1971 பெப்ருவரியிற் கலிபோர்ணியாவின் சன் பெர்னாண்டோப் பகுதியில் அதிர்ச்சி உண்டானபோது, பிளவு வீடுகளின் அடித்தளத்தினூடாகவே ஏறிற்று. எத்துணை உறுதியாகக் கட்டினும், தன் கீழேயுள்ள நிலம் இரண்டாகப் பிரியும்போது ஒரு வீடு செய்யக்கூடியது யாதுமில்லை. மறு ஆண்டே அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. உயிர்ப்புள்ள பிளவுகளை நிலப்படத்திற் குறித்து வெளியிடுதல் வேண்டும். அவற்றின் மேல் மக்கள் வாழும் புதிய கட்டடம் எழுப்பலாகாது. அவ்வலயத்துள் வீடு விற்பவர் உண்மையை வாங்குபவருக்குச் சொல்லியே விற்றல் வேண்டும். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுள் அசைந்ததே உயிர்ப்புள்ள பிளவு எனக் கொண்டனர். சட்டத்துக்கு முன்னர்க் கட்டியவை அவ்வாறே நிற்கின்றன. பேர்க்கிலி நகரத்தில் 1923 இற் கட்டிய விளையாட்டரங்கொன்றை ஹேவட் பிளவு நடுவே ஊடறுத்துச் செல்கின்றது. அண்மையில் அதனைத் திருத்தியபோது, பிளவின் மேலமர்ந்த பகுதிகளைத் தனிக் கூறுகளாக வெட்டி, நிலம் நகர்ந்தால் அவையும் தனியே நகருமாறு அமைத்தனர். இடத்தை மாற்ற மனமில்லாதோர் செய்த சமாதானம்!

விலகிச் செல்ல வழியே இல்லாத போது என்ன செய்வது? இதற்கு விடை அலாஸ்காவில் உண்டு. வடகடற் கரையிலிருந்து தென்கடல் வரை ஏறத்தாழ 1,290 கிலோமீற்றர் நீளமான எண்ணெய்க் குழாயொன்றை 1970களில் அமைத்தனர். தெனாலி என்னும் பெரும்பிளவு அதன் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. எவ்வழியாற் சென்றாலும் அதனைக் கடந்தே தீர வேண்டும். எங்கே கடப்பது, அங்கே எவ்வளவு நகரும் என்பதைக் கூறும் பொறுப்புப் புவிச்சரிதவியலாருக்கு வந்தது. விலகிய ஓடைகளையும் பனியாறுகள் விட்டுச் சென்ற மேடுகளையும் ஆராய்ந்து, ஏறத்தாழ 580 மீற்றர் அகலமான ஒரு கீற்றினுள் பிளப்பு நிகழும் என்றனர். பக்கவாட்டில் 6 மீற்றரும் மேல்கீழாக ஒன்றரை மீற்றரும் நகர்ந்தாலும் தாங்குமாறு அமையுங்கள் என்றனர்.

பொறியியலார் அக்கீற்றினுட் குழாயை மண்ணிற் புதைக்கவுமில்லை, தூணிற் பிணைக்கவுமில்லை. நிலத்தின்மேல் நீண்ட உருக்கு விட்டங்களைக் குறுக்கே கிடத்தி, அவற்றின்மேற் குழாயை வழுக்குகின்ற பாதங்களில் அமர்த்தி, வளைவு நெளிவாகக் கொண்டு சென்றனர். நேரான குழாய் இழுத்தால் அறும். வளைந்த குழாய் இழுத்தால் நிமிரும். இதற்குச் செலவு அதிகம். ஆளில்லாக் காட்டில் வராத அதிர்ச்சிக்கு இத்தனை செலவா என்று கேட்டவர் இருந்திருப்பின், இருபத்தைந்து ஆண்டுகள் வரை அவர் பேச்சே எடுபட்டிருக்கும். 2002 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள் தெனாலிப் பிளவு 7.9 அளவினதான அதிர்ச்சியோடு பிளந்தது. குறித்த அந்தக் கீற்றினுள்ளேயே பிளந்தது. நிலம் ஏறத்தாழ 4.3 மீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தது. தாங்கிகள் சில சேதமுற்றன. குழாய் விட்டங்களின்மேல் வழுக்கிச் சென்று நின்றது. ஒரு சொட்டு எண்ணெயும் சிந்தவில்லை. சில நாள் நிறுத்திச் சோதித்துப் பார்த்து, எண்ணெயை மறுபடியும் ஓடவிட்டனர். நிலத்தைப் படித்தவரும் குழாயை அமைத்தவரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டதன் விளைவு இது.

இத்தகைய வெற்றி எங்கும் கிட்டியது என்று கூறுவதற்கில்லை. சில பிளவுகள் நிலத்தின் மேற்பரப்பை எட்டுவதேயில்லை. 1994 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புறத்தே நோத்றிட்ச் அதிர்ச்சியை உண்டாக்கிய பிளவு அத்தகையது. மேலே அது கோடு எதனையும் கிழித்திருக்கவில்லை. நியூசீலாந்தின் கன்ரபெரிச் சமவெளியில் ஆறுகள் கொணர்ந்த சரளை, பழைய தழும்பை மூடிவிட்டிருந்தது. 2010 செப்டெம்பரில் அங்கு 7.1 அளவினதான அதிர்ச்சியோடு பிளந்த பிளவை அதற்கு முதல்நாள் வரை எவரும் அறியார். அதனைத் தொடர்ந்து 2011 பெப்ருவரி 22 ஆம் நாள் கிறைஸ்ட்சேச் நகரத்தின் அருகே நிகழ்ந்த அதிர்ச்சியில் 185 பேர் மாண்டனர். ஆகவே நிலப்படத்தில் வெறுமையாக உள்ள இடம் ஆபத்தில்லாத இடம் என்று பொருள்படாது.

மறைந்து கிடந்தது வெளிப்பட்ட கதையும் உண்டு. அமெரிக்காவின் சியாற்றில் நகருக்கு எதிரேயுள்ள பெயின்பிறிட்ச் தீவு அடர்ந்த காடு சூழ்ந்தது. 1990களின் பிற்பகுதியில் நிலத்தடி நீராராய்ச்சிக்கென்று அங்கு லைடார் அளவை செய்தனர். இலைகளினிடையே நுழைந்து தரையைத் தொட்டு மீண்ட ஒளியை மட்டும் எடுத்து, மரங்களையெல்லாம் கணக்கிலிருந்து களைந்தனர். எஞ்சிய வெறுந்தரையின் படத்தில், தீவின் குறுக்கே நேரான படியொன்று பளிச்செனத் தெரிந்தது. அத்தீவின் கரையொன்று ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே அதிர்ச்சியில் 7 மீற்றர் உயர்ந்ததென்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. உயர்த்திய பிளவு சென்ற வழியை, தண்ணீர் தேடச் சென்றவர் கண்டுபிடித்தனர்.

கோடு தெரிந்தும் பயன்படாத கதையே யாவற்றினும் துயரமானது. துருக்கியில் கிழக்கு அனத்தோலியப் பிளவு பல ஆண்டுகளாக நிலப்படங்களில் உள்ளது. அது பேரதிர்ச்சி தரவல்லதென்று எழுதாத அறிஞர் இல்லை. 2023 பெப்ருவரி 6 ஆம் நாள் அது 7.8 அளவினதான அதிர்ச்சியோடு பிளந்தது. அன்றே மற்றொரு பேரதிர்ச்சியும் தொடர்ந்தது. துருக்கியில் மட்டும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே தவறியது நிலப்படமன்று. அதிர்ச்சியைத் தாங்குமாறு கட்ட வேண்டும் என்ற விதி ஏட்டிலிருந்தும், அவ்விதிப்படி கட்டாத மாடிகள் தட்டுத் தட்டாக ஒன்றன்மேலொன்று படிந்தன.

இலங்கை தகடுகளின் எல்லையில் அமைந்த நாடன்று. ஆயினும் தொலைவிலுள்ள பிளவொன்று இந்நாட்டின் வாசலுக்கு வந்ததை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பலற் ஓடையை அகழ்ந்த அதே கெரி சீயும் அவர்தம் குழுவினரும் 1990களிற் சுமாத்திராவின் மேற்கேயுள்ள தீவுகளுக்குச் சென்றனர். அங்குப் பிளவுக்கோடு கடலடியில் உள்ளது; விலகிய ஓடையைக் காண வழியில்லை. அதற்கீடாக அவர்கள் முருகைக்கற்களைப் படித்தனர். முருகை கடலின் தாழ்ந்த வற்றுமட்டத்துக்கு மேல் வளராது. கடற்படுகை உயர்ந்தால் அதன் தலை காய்ந்து இறக்கும். தாழ்ந்தால் மறுபடியும் மேல்நோக்கி வளரும். மரத்திற் போல ஆண்டு வளையமும் அதற்கு உண்டு. கல்லை அறுத்து வளையங்களை எண்ணியபோது, மெந்தாவாய்த் தீவுகளை 1797 இலும் 1833 இலும் பேரதிர்ச்சிகள் உயர்த்தியமை தெரிந்தது. அவை மறுபடியும் வரக்கூடும் என்று அஞ்சி, 2004 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அக்குழுவினர் தீவுகளின் ஊர்களுக்குச் சென்று, அதிர்ச்சியையும் ஆழிப்பேரலையையும் விளக்கும் சுவரொட்டிகளை வழங்கினர்.

சில மாதங்களில், டிசெம்பர் 26 ஆம் நாள், பேரதிர்ச்சி வந்தது. ஆனால் அவர்கள் படித்த பகுதி பிளக்கவில்லை. அதற்கு வடக்கே, சுமாத்திராவின் வடமுனையிலிருந்து அந்தமான் வரையில், ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் காலியிலும் அம்பாந்தோட்டையிலுமாக முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த இரண்டு மணி நேரம் எச்சரிக்கப் போதுமான நேரம். ஆனால் அன்று இந்துசமுத்திரத்தில் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை.

பிற்காலத்தில் அம்பாந்தோட்டையிலுள்ள கறகன் கடனீரேரியின் அடிச்சேற்றைக் குழாய் இறக்கி எடுத்துப் பார்த்தனர். கருஞ்சேற்றின் நடுவே, பேரலை வாரிவந்த கடல்மணல் படைபடையாக அகப்பட்டது. மேலேயுள்ள படை 2004 இனது. கீழேயுள்ளவை பல்லாயிரம் ஆண்டுப் பழைமையன. ஏட்டிலே எழுதப்படாத அலைகள் ஏரியின் அடியிற் பதிந்திருந்தன.

இனி வலஸ் ஓடைக்கு ஒருமுறை மீள்வோம். 1857 க்குப் பின்னர் அங்குப் பிளவு அசையவில்லை. ஆழத்தில் நகர்ச்சியோ ஓயவில்லை. ஆண்டுக்கு 34 மில்லிமீற்றராக, அன்று தொட்டுச் சேர்ந்திருக்கும் இறுக்கம் ஐந்தரை மீற்றருக்கு மேல் ஆகின்றது. கடைசி முறை அப்பகுதி நகர்ந்தது ஐந்து மீற்றரளவே. மாரிக்காலத்திற் சிறிது நீர் வரும்போது ஓடை இன்றும் மலையிலிருந்து இறங்கி, பிளவுக்கோட்டில் வலப்புறம் திரும்பி, 130 மீற்றர் சென்று, பின்னர் சமவெளிக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றது.